கோலார் தங்கவயல்: கழிப்பறை கட்டுவதுடன் முடிந்துவிடாத துப்புரவுச் செலவு

துப்புரவுக்கான நிதி கழிப்பறைக் கட்டுமானத்துடன் நின்றுவிட்டால், கழிவை அகற்றும் சுமை மனிதர்களின் மீதே விழும் என்பதற்கு, கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலின் வரலாறு சான்றாக உள்ளது.

சுரங்க நகரும் உலர் கழிப்பறைகளும்

நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் ஆகியவை தங்கவயலின் முக்கியச் சுரங்கங்கள். இவற்றுக்காக 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சுரங்கங்கள் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தை எட்டின. ஆனால், பெரும்பாலும் தமிழர்கள் வசித்த தொழிலாளர் குடியிருப்புகளில், தண்ணீர் வசதியோ கழிவுநீர்க் குழாயோ இல்லாத உலர் கழிப்பறைகள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நீடித்தன. அவற்றின் கழிவைத் தலித் தொழிலாளர்கள் கையால் அள்ளி, வாளிகளில் சுமந்து சென்றனர்.

அத்தகைய குடும்பம் ஒன்றில் 1966-இல் தங்கவயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1986-இல் இம்முறைக்கு எதிராகப் போராடத் தொடங்கிய இவர், பின்னர் ‘சஃபாய் கரம்சாரி அந்தோலன்’ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 2016-இல் இவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இதனால் தொழிலாளர்கள் வேலையை இழந்தனர். குடியிருப்புகளைப் பராமரித்துவந்த நிறுவனமும் இல்லாமல் போனது.

சட்டங்கள் கூறுவது என்ன?

உலர் கழிப்பறைகள் கட்டுவதற்கும், மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணிக்கும் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், கழிவுநீர்க் குழாய்களையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் பாதுகாப்பின்றிச் சுத்தம் செய்வதையும் தடைக்குள் கொண்டுவந்தது. சுகாதாரமற்ற கழிப்பறைகளை வீட்டில் வசிப்போர் சொந்தச் செலவில் இடிக்கவோ மாற்றியமைக்கவோ வேண்டும் என்கிறது அச்சட்டம். வேலையிழந்த ஏழைக் குடும்பங்களுக்கு இச்செலவு பெரும் சுமையாகும்.

கழிவுநீர்க் குழாய்களில் இறங்கி உயிரிழப்போரின் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் இத்தொகை ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

நிதி எங்கிருந்து வருகிறது?

தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2-இல் தொடங்கப்பட்டது. இதன்கீழ் கிராமப்புறத்தில் தனிநபர் கழிப்பறைக்கு ரூ.12,000 ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. நகர்ப்புறங்களுக்கான இரண்டாம் கட்டம் 2021-இல் ரூ.1,41,600 கோடி மதிப்பீட்டில் தொடங்கியது. இதில் கழிவுநீர் மேலாண்மைக்கான நிதி, 1 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு உரியது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.62 லட்சம் பேர் வசிக்கும் தங்கவயல் போன்ற நகரங்கள் அதற்கு அம்ருத் திட்டத்தையே சார்ந்துள்ளன. துப்புரவுப் பணியை இயந்திரமயமாக்கவும், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பும் மறுவாழ்வும் அளிக்கவும் ‘நமஸ்தே’ என்னும் தனித் திட்டம் 2023 முதல் செயல்படுத்தப்படுகிறது.

உலக நிலவரம்

உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் ஆகியவற்றின் மதிப்பீட்டின்படி, 2022-இல் சுமார் 350 கோடி பேருக்குப் பாதுகாப்பான துப்புரவு வசதி இல்லை. துப்புரவுக்காகச் செலவிடப்படும் ஒவ்வொரு டாலருக்கும், மருத்துவச் செலவுக் குறைவு, உழைப்புத்திறன் உயர்வு ஆகியவற்றின் மூலம் சுமார் 5.5 டாலர் பலன் கிடைப்பதாக உலக சுகாதார அமைப்பு 2012-இல் கணக்கிட்டது. அனைவருக்கும் துப்புரவு வசதி என்ற ஐ.நா. இலக்கை எட்ட 2030-ஆம் ஆண்டு காலக்கெடுவாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது.