பாதி விலைக்கு கேம் கீ: பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், இடலாக்குடி என்று நம் ஊர்களில் பல வீடுகளில் ஒரே கேள்வி வருகிறது. "வாப்பா, 4,000 ரூபாய் கேம் 1,100 ரூபாய்க்குக் கிடைக்குது, கார்டு நம்பர் மட்டும் தாங்க." வாப்பா சவூதியிலோ துபாயிலோ வேலையில் இருப்பார். வாட்ஸ்அப்பில் கார்டின் படம் வரும், பின்னாலேயே ஓடிபி வரும். வீட்டில் இருக்கும் உம்மாவுக்கு எதை வாங்கினோம், யாரிடம் வாங்கினோம் என்று தெரியாது. விலை குறைவு என்பது மட்டும்தான் தெரியும்.

என் அக்கா மகனும் இப்படித்தான் வாங்கினான். பெருநாளுக்கு மாமாமார் கொடுத்த காசைச் சேர்த்து வைத்து வாங்கியது. கீ உடனே மின்னஞ்சலில் வந்தது, கேம் இறங்கியது, விளையாடினான். இருபது நாள் கழித்து ஒரு நாள் கணக்கைத் திறந்தால் அந்த கேமைக் காணோம். பணம் செலுத்தியதில் பிரச்சினை இருந்ததால் கீ ரத்து செய்யப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. விற்றவரிடம் கேட்டால், "நாங்கள் கொடுத்தபோது கீ வேலை செய்ததே" என்று பதில். அவன் கேட்டது நியாயமான கேள்வி: "நான் காசு கொடுத்துத்தானே மாமா வாங்கினேன், எப்படித் திரும்ப எடுக்க முடியும்?"

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கீ என்பது என்ன என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முன்பு கேம் வட்டில் வந்தது. வட்டு நம் கையில் இருந்தால் அது நம்முடையது. இன்று கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஸ்டீம் போன்ற தளங்களில் நம் பெயரில் இருக்கும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. கீ என்பது அந்தச் சேர்க்கைக்கான அனுமதிச் சீட்டு. ஸ்டீமில் பொதுவாக ஐந்தைந்தாக மூன்று தொகுதியாக வரும் 15 எழுத்துகளும் எண்களும்தான் அது. கேம் தயாரித்தவர்கள் இந்தக் கீகளை ஸ்டீமிடமிருந்து பெற்று வேறு கடைகள் வழியாகவும் விற்கலாம், விமர்சகர்களுக்கு இலவசமாகவும் கொடுக்கலாம். எந்தக் கீ எந்தத் தொகுப்பில் வெளியே போனது என்று அவர்களிடம் பதிவு இருக்கும். அந்தத் தொகுப்பில் தவறு நடந்திருந்தால் கீயை ரத்து செய்யும் அதிகாரமும் அவர்களிடம்தான் இருக்கிறது. நாம் வாங்குவது பொருளை அல்ல, திரும்பப் பெறக்கூடிய ஒரு அனுமதியை.

அப்படியானால் இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்? எல்லாமே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. விலை குறைந்த நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே தொகுப்பாகப் பத்து கேம் மலிவாக வாங்கி, அதில் தமக்கு வேண்டாததை விற்பவர்களும் இருக்கிறார்கள். தள்ளுபடி நாளில் வாங்கிக் குவித்து வைத்து, பிறகு விற்பவர்களும் உண்டு. இன்னொரு கூட்டம், தாங்கள் யூடியூபில் விமர்சனம் செய்பவர்கள் என்று பொய் சொல்லி, சிறு நிறுவனங்களிடம் இலவசக் கீ வாங்கி அதையே விற்றுவிடும்.

கடைசியாக, மோசமான வழி. வேறு யாரோ ஒருவருடைய திருடப்பட்ட கிரெடிட் கார்டு எண்ணால் நூற்றுக்கணக்கில் கீ வாங்குவது, அதை மறுவிற்பனைத் தளத்தில் பாதி விலைக்குப் போடுவது. திருடனுக்கு முதலீடு இல்லை, எந்த விலைக்குப் போனாலும் லாபம். சில வாரம் கழித்து கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்வார். வங்கி பணத்தைக் கடையிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். கடைக்குக் கேமும் போயிற்று, பணமும் போயிற்று, அதற்கு மேல் வங்கி அபராதக் கட்டணமும் வரும். அப்போது தயாரிப்பாளர் அந்தக் கீகளை ரத்து செய்கிறார். திருடன் அதற்குள் பணத்தோடு போயிருப்பான். நடுவில் இருக்கும் தளம் தன் கமிஷனை எடுத்திருக்கும். கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது நம் வீட்டுப் பிள்ளை.

இது கற்பனை இல்லை. 2013ல் நேச்சுரல் செலக்ஷன் 2 என்ற கேமைத் தயாரித்த அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம், திருட்டுக் கார்டுகளால் வாங்கப்பட்டவை என்று 1,341 கீகளை ரத்து செய்தது. 2015 ஜனவரியில் பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் ஃபார் க்ரை 4 உட்பட தன் கேம்களின் கீகளை ரத்து செய்தபோது, உலகம் முழுவதும் கின்குயின், ஜி2ஏ போன்ற தளங்களில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து கேம் காணாமல் போனது. அந்தக் கீகள் இன்னொரு நிறுவனத்தின் கடையில் திருட்டுக் கார்டுகளால் வாங்கப்பட்டவை என்று தெரியவந்தது. பெரும் கூச்சலுக்குப் பிறகு, ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் யூபிசாஃப்ட் திரும்பக் கொடுத்தது. அது அவர்கள் காட்டிய சலுகை, வாங்கியவரின் உரிமை அல்ல.

2016 ஜூனில் டைனிபில்ட் என்ற சிறு நிறுவனம், தன்னுடைய கேம்களின் கீகள் ஜி2ஏ தளத்தில் ஏராளமாக விற்கப்பட்டதாகவும், கடை விலையில் அவற்றின் மதிப்பு சுமார் 4,50,000 டாலர் என்றும் குற்றம்சாட்டியது. ஜி2ஏ அந்தக் கணக்கை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வாக்குவாதம் பல ஆண்டு நடந்தது.

தெளிவான விடை வந்தது இன்னொரு வழக்கில். செக் நாட்டின் பிராக் நகரில் இருக்கும் வூபே நிறுவனம் ஃபேக்டோரியோ என்ற கேமைத் தயாரிக்கிறது. திருட்டுக் கீ விற்கப்பட்டது என்று நிரூபித்தால் இழப்பைப் போல் பத்து மடங்கு தருகிறோம் என்று 2019ல் ஜி2ஏ சவால் விட்டது. வூபே தன் பட்டியலைக் கொடுத்தது. 2020 மே மாதம் ஜி2ஏ தானே ஒப்புக்கொண்டது: பட்டியலில் இருந்ததில் 198 கீகள் திருட்டுக் கீகள், அவை தங்கள் தளத்தில்தான் விற்கப்பட்டன. 39,600 டாலர் இழப்பீடும் கொடுத்தது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஃபேக்டோரியோவுக்குத் தள்ளுபடியே கிடையாது என்பது அந்த நிறுவனத்தின் வெளிப்படையான கொள்கை. அப்படிப்பட்ட கேம் ஒரு தளத்தில் பாதி விலைக்குக் கிடைத்தால், அது எங்கிருந்து வந்திருக்கும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். ஆனால் விலையைப் பார்க்கிற நேரத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தத் தளங்கள் கடைகள் அல்ல, சந்தைகள். வடசேரி சந்தையில் இடம் கொடுத்தவர் வேறு, காய் விற்பவர் வேறு என்பது போல. தளத்தின் பெயர் பெரிதாக இருக்கலாம், நமக்கு விற்பவர் எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர். "வாங்குபவர் பாதுகாப்பு" என்று தனியாகக் கட்டணம் கேட்பதும் உண்டு. 2017ல் கியர்பாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஜி2ஏவோடு செய்த ஒப்பந்தத்தை விட்டு விலகியதற்கு இந்தக் கட்டணப் பாதுகாப்பும் ஒரு காரணம். சரியான பொருளைக் கொடுப்பதற்கே தனிக் காசா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இது மாதச் சந்தாவாகவும் இருக்கலாம். பிள்ளை ஒரு முறை கேம் வாங்கிவிட்டு மறந்துவிடுவான், வாப்பாவின் கார்டில் ஒவ்வொரு மாதமும் கழியும். வெளிநாட்டுத் தளம் என்பதால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

கார்டு பற்றி இன்னொன்று. இந்தியத் தளங்களில் ஓடிபி இல்லாமல் பணம் போகாது என்று பழகிவிட்டோம். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுக்க முடியும். இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைக்கவும் வரம்பு வைக்கவும் ரிசர்வ் வங்கி 2020ல் வசதி செய்திருக்கிறது. வங்கிச் செயலியில் இரண்டு நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

நம் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டுத் தளத்துக்குப் போவதில்லை. இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் 150, 200 ரூபாய்க்கு "ஆஃப்லைன் ஆக்டிவேஷன்" என்று விற்பவர்களிடம் ஜிபே செய்கிறார்கள். இங்கே கீயே கிடையாது. விற்பவர் தன் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் பல பேருக்குக் கொடுப்பார். ஒவ்வொருவரும் உள்ளே போய் கேமை இறக்கிவிட்டு இணையத்தைத் துண்டித்து விளையாட வேண்டும். ஸ்டீமின் விதிப்படி கணக்கை விற்பதோ பகிர்வதோ கூடாது. எந்த நாளும் அந்தக் கணக்கு மூடப்படலாம். இதைவிட ஆபத்து, "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இந்தச் செயலியை ஓட்டுங்கள்", "இந்த வரியை காப்பி செய்து இங்கே பேஸ்ட் செய்யுங்கள்" என்று சொல்வது. அந்தக் கணினியில்தான் வீட்டு நெட் பேங்கிங்கும் திறக்கிறோம் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் விளையாடும் சிறுவர்களுக்கு யூசி, டைமண்ட் மலிவாகப் போட்டுத் தருகிறோம் என்பதும் இதே வகைதான். கேமில் இருக்கும் அதிகாரப்பூர்வ வழியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

வளைகுடாவில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு தவறும் உண்டு. துபாய் கடையில் பிளேஸ்டேஷன் கிஃப்ட் கார்டு வாங்கி, சுரண்டி, எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கார்டு நூறு சதவீதம் அசல். ஆனால் அமீரகக் கார்டு அமீரகக் கணக்குக்கு மட்டும்தான். இங்கே இந்தியா என்று பதிவு செய்த கணக்கில் ஏறாது, சுரண்டிய கார்டைக் கடைக்காரரும் திரும்ப வாங்கமாட்டார். கணினி கேம் கீகளிலும் இப்படி நாட்டு எல்லை உண்டு. அதைத் தாண்ட விபிஎன் போட்டு நாட்டை மாற்றுவது ஸ்டீம் விதிக்கு எதிரானது. கணக்கே முடக்கப்படலாம், அப்போது ஒரு கேம் அல்ல, பல வருடம் சேர்த்த எல்லா கேமும் மாட்டிக்கொள்ளும்.

மார்க்க அடிப்படையில் இது கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஆலிம் அல்ல, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவதைப் பற்றி நம் வீடுகளில் விளக்க வேண்டிய அவசியமில்லை. நாட்டின் குற்றவியல் சட்டமும் திருட்டுப் பொருளை வாங்குவதைப் பற்றிப் பேசும்போது அதே அளவுகோலைத்தான் வைக்கிறது. ஆனால் இந்தத் தளங்களில் "ரேண்டம் கீ" என்று ஒன்று விற்கிறார்கள். 100 ரூபாய் கொடுத்தால் ஏதோ ஒரு கேம் வரும், எது என்று தெரியாது, பெரிய கேம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வாங்கும் பொருள் எது என்றே தெரியாத வியாபாரத்தைக் குறிக்கும் கரர் என்ற சொல்லை நம் மதரஸாவில் படித்த பிள்ளை அறிந்திருப்பான். உங்கள் பள்ளி இமாமிடம் இதைக் காட்டியே கேட்கலாம்.

காசு மிச்சம் பிடிக்க நேர்மையான வழிகள் நிறைய இருக்கின்றன. ஸ்டீமில் ஆண்டுக்கு நான்கு பருவத் தள்ளுபடி வருகிறது, இரண்டு மூன்று வருடம் பழைய கேம்கள் பாதிக்கும் கீழே இறங்கும். 2015 முதல் அங்கே ரூபாயிலேயே விலை. அங்கே நேரடியாக வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியில் வாங்கிய கீக்கு இந்த வசதி இல்லை. எபிக் கேம்ஸ் கடை 2018 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து இலவச கேம் கொடுத்து வருகிறது. கீதான் வேண்டும் என்றால் ஹம்பிள் பண்டில், ஃபனாடிக்கல், கிரீன் மேன் கேமிங் ஆகியவை தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் செய்து விற்கும் கடைகள். வேறு கடை என்றால், கேம் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் அந்தக் கடையின் பெயர் இருக்கிறதா என்று பிள்ளையையே தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

2024 செப்டம்பரில் ஸ்டீம் குடும்பத் திட்டமும் முழுமையாக வந்துவிட்டது. ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரை தங்கள் கேம்களைப் பகிரலாம், பெற்றோர் நேர வரம்பும் வைக்கலாம். அண்ணன் வாங்கியதைத் தம்பி தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: தம்பி விளையாட்டில் ஏமாற்று மென்பொருள் போட்டுப் பிடிபட்டால், கேமின் சொந்தக்காரனான அண்ணனுக்கும் அந்த கேமில் தடை விழும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டாம். பிள்ளையைத் திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பான். விற்றவருடைய பக்கம், உரையாடல், பணம் போன ரசீது, யுபிஐ பரிவர்த்தனை எண், கீ ரத்தான செய்தி எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். டெலிகிராமில் விற்றவர் உரையாடலை அழித்துவிட முடியும், அதனால் புகாருக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பணம் போனதும் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் பேசினால், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. இணையத்தில் தேசிய சைபர் கிரைம் தளத்திலும், நேரில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை கார்டில் வந்திருந்தால் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மூன்றாம் நபரால் நடந்த மோசடிக்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதி அந்தக் கெடுவுக்குள் சொன்னவர்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். நாமே ஓடிபி கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்த விதி உதவாது, அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் பலன் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா மகனுக்குப் பணம் திரும்ப வரவில்லை. குளிர்காலத் தள்ளுபடியில் அதே கேம் ஸ்டீமில் 1,300 ரூபாய்க்கு வந்தது. அவன் முதலில் மிச்சம் பிடிக்க நினைத்து இழந்த தொகையைவிட 200 ரூபாய்தான் கூடுதல்.