இரட்சணிய யாத்திரிகத்தில் ஏன் ‘தேவாரம்’? முக்கூடலிலிருந்து ஒரு மறுவாசிப்பு

வைணவராகப் பிறந்த தமிழ்க் கவிஞர் ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் கிறிஸ்தவத் திருமுழுக்குப் பெற்றார். அந்த மனமாற்றத்தை விளக்கச் சமய ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் 1972இல் எழுதிய கட்டுரை, வைணவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இடையிலான இறையியல் ஒப்புமைகளின் மேல் நிற்கிறது. அருள், சரணாகதி, மனித உருவில் இறங்கி வரும் இறைவன் ஆகியவற்றை முன்பே அறிந்திருந்த வைணவருக்குப் புதிய நெறி முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை என்பது அதன் சாரம். கவனமான வாசிப்புதான். ஆனால் அது கொள்கையை எடைபோடும் அளவுக்கு வழிபாட்டை எடைபோடவில்லை. பூசை அறையில் ஒருவன் தனியே என்ன செய்தான் என்ற கேள்வி அதில் பின்னுக்குப் போய்விடுகிறது.

என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு சொல். ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ கதையைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை எழுதி, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தின் பெரும்பகுதி, கம்பனைப் பயின்ற கையின் விருத்தம். இடையிடையே கதை நின்று, உள்ளம் நேராக இறைவனிடம் பேசும் இசைப்பாடல்கள் வருகின்றன. அவற்றுக்குக் கவிஞர் இட்ட பெயர் ‘தேவாரம்’. பிறப்பால் வைணவர், நெறியால் கிறிஸ்தவர். வைணவக் கொள்கைதான் பாலம் என்றால், தன் நெஞ்சுக்கு மிக நெருங்கிய பாடல்களுக்குப் ‘பாசுரம்’ என்றல்லவா பெயரிட்டிருக்க வேண்டும்?

சைவத் திருமுறையின் பெருமையைக் கடன் வாங்கினார் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘தேவார தேவர்’ என்று ஒரு திருமேனி குறிக்கப்படுகிறது. அரசன் தனக்கென்று வைத்து வணங்கிய மூர்த்தி என்பதே அங்கே பொருள். தேவாரம் முதலில் பாட்டின் பெயரல்ல. தனி வழிபாட்டின் பெயர். தமிழ்ப் பேரகராதியும் இப்பொருளைத் தருகிறது. கிருஷ்ணபிள்ளை அந்தக் கல்வெட்டைக் கண்டிருக்க வேண்டியதில்லை. வேதாகமத்தோடு பழைய இலக்கியத்திலும் ஊறிய தமிழாசிரியர் அவர்; சொல்லின் அடியில் கிடந்த பொருள் அவர் காதில் விழாமல் போயிருக்காது என்றே வாதிடுவேன். சான்று மெலிதுதான். ஆனால் பாடல்களின் இடமும் தொனியும் என் பக்கம் நிற்கின்றன: கதை நின்று உள்ளம் இறைவனிடம் நேராகப் பேசும் இடங்களில் அவை வருகின்றன.

இங்கே கிருஷ்ணபிள்ளையின் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சீவலப்பேரி உதவுகிறது. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இவ்வூரே, உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு நூலான முக்கூடற்பள்ளின் முக்கூடல். அதில் பள்ளன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பகுதியை ஹட்சனின் வாசகர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். இவ்வூர்த் திருமாலான அழகரின் அடியை நினையாத மனத்தைத் தரிசு நிலமென்று கருதிக் கொழுப் பாய்ச்சுவேன் என்கிறான். திருப்பதிகள் நூற்றெட்டையும் சுற்றாத கால்களை ஏரில் பூட்டுவேன் என்கிறான். (இந்த வீறாப்பைப் பண்ணையாளின் வாயில் வைத்தவர் படித்த புலவர் என்பதை மறக்கக் கூடாது.) சரணாகதித் தத்துவம் இதில் ஏது? மனம், கால் என்று உறுப்பு உறுப்பாக ஆளை முழுசாகக் கேட்கும் பக்தி இது. ‘முழு இருதயம், முழு ஆத்துமா’ என்று அடுக்கிய வேதாகமக் கட்டளை தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் காதுக்குப் பழகிய தாளத்தில்தான் விழுந்திருக்கும். அதே நூலில் முக்கூடல் மூத்த பள்ளி அழகரையும் மருதூர் இளைய பள்ளி சிவனையும் தூக்கிப் பிடித்து ஏசிக்கொள்கிறார்கள், பிறகு சமாதானமாகிறார்கள். சைவச் சொல் வைணவ வீட்டுக்குள் நுழைய இங்கே பெரிய தடை இருந்ததில்லை.

கிருஷ்ணபிள்ளை இப்பள்ளைப் படித்தார் என்று நான் நிறுவ முயலவில்லை. அதன் காலத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பது வழக்கம்; ஆசிரியர் பெயரே உறுதியில்லாத நூலில் அதை இறுக்கிப் பிடிக்க முடியாது. ‘தேவாரம்’ எப்போது வழிபாட்டிலிருந்து பாட்டுக்குச் சுருங்கியது என்பதும் அப்படித்தான். இரட்டைப் புலவர்களின் ஏகாம்பரநாதர் உலா சைவ நாயன்மார் மூவர் பாட்டோடு இச்சொல்லைச் சேர்க்கிறது என்பார்கள். அவ்விடத்திலும் வழிபாடு என்றே பொருள் கொள்ள இடமிருக்கிறது. இரட்டையரைப் பதினான்காம் நூற்றாண்டில் வைப்பவரும் உண்டு, பதினைந்தில் வைப்பவரும் உண்டு.