ரத்தக்கொதிப்புக்கு ஓய்வு சொன்ன காலம்

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய உதவியாளர் பேர் பெர்க்மனும் செய்து 1898-இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லித்தான், உடலியங்கியல் ஆசிரியராக இருந்தவரை ரத்த அழுத்தப் பாடத்தை ஆரம்பிப்பேன். முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து இன்னொரு முயலின் ரத்தத்தில் செலுத்தினார்கள், அழுத்தம் ஏறியது. வெளிப்புறப் பகுதியின் சாறுக்குத்தான் அந்த வீரியம். உட்பகுதிச் சாறுக்கு இல்லை. கொதிக்கவைத்தால் வீரியம் போய்விட்டது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு துப்புரவான வேலை! ஆனாலும் முப்பது வருஷங்களுக்கு மேல் அதை அநேகமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1934-இல் கிளீவ்லாண்டில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கினார். பிரஷர் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. ரெனினுக்கு மறுவாழ்வு வந்தது அதன் பிறகுதான். சில வருஷங்களில் புவனோஸ் ஐரிஸிலும் இண்டியானாபொலிஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக மீதிக் கதையைக் கண்டுபிடித்தன. ரெனின் நேரடியாக எதையும் சுருக்குவதில்லை. ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தை அது வெட்ட, அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் பிறக்கிறது. குழாய்களைச் சுருக்குவது அதுதான். அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோன் சுரக்கவைத்து, உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தங்கவைப்பதும் அதுவே என்பது பிறகு தெரிந்தது.

இவ்வளவு தெரிந்தும் நோயாளிக்கு என்ன கிடைத்தது? 1944-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் பிரஷர் 186/108. டிஜிடாலிஸ் மருந்து, உப்பில் கட்டுப்பாடு, நிறைய ஓய்வு. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து அவர் இறந்தபோது அது 300/190-ஐத் தொட்டிருந்தது.

ஓய்வு என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அப்பாவுக்குப் பிரஷர் என்று தெரிந்ததும் மாடிப்படி தடை, சந்தைக்கு நடப்பது தடை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்த மனிதர் சாய்வு நாற்காலியோடு முடங்கினார். தண்ணீர்ச் செம்பைக்கூட அம்மா கையில் கொண்டுவந்து கொடுப்பார். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வைத்தியர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஓடும்போது நார்அட்ரினலின் பெருகுகிறது, ரெனினும் ஆஞ்சியோடென்சினும் ஏறுகின்றன, பிரஷரும் ஏறுகிறது. எல்லாம் அளந்து பார்த்த உண்மை. ஓடி முடித்த மறுநாள் காலையில் அவையெல்லாம் எங்கே நிற்கின்றன என்பதைத்தான் வெகுகாலம் அளக்காமல் விட்டார்கள்.

அளந்தவர்களில் எனக்குப் பிரியமானவர் ஜப்பானின் ஃபுகுவோகாவைச் சேர்ந்த கிகுவோ அரகாவா. மனித ஆஞ்சியோடென்சினைப் பிரித்தெடுக்கப் பாடுபட்ட ரசாயனக் கை அவருடையது. அந்தக் கைதான் நோயாளிகளை சைக்கிளில் உட்காரவைத்தது. 1985-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் கடும்பயிற்சி எதுவும் இல்லை. உடம்பால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்க முடியுமோ அதில் பாதியளவு உழைப்பு. ஒரு தடவைக்கு 60 நிமிடம், வாரத்துக்கு 3 நாள். பத்து வாரங்களில் பிரஷர் இறங்கியது; ரத்தத்தில் நார்அட்ரினலினும் இறங்கியது. அந்தக் குழுவில் இருந்த ஹிரோஆகி தனாகா, சிரித்துப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவோட்டத்தைப் பிற்பாடு ஜப்பான் முழுக்கப் பரப்பினார்.

2005-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் கோர்னெலிசனும் ஃபகார்டும் 72 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு நார்அட்ரினலின் 29 சதவீதமும் ரெனின் செயல்பாடு 20 சதவீதமும் குறைந்திருந்தன. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 6.9, கீழ் அளவு 4.9 இறங்கியிருந்தது. இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து குறைவதில் வியப்பில்லை: நார்அட்ரினலினைக் கொட்டும் அதே பரிவு நரம்புகள்தான் சிறுநீரகத்தின் ரெனின் செல்களையும் முடுக்குகின்றன. தினசரி நடையால் அந்த நரம்புகளின் முறுக்கு தளர்கிறது. நடையை நிறுத்தினால் சில வாரங்களில் முறுக்கு மறுபடி ஏறிவிடும்.