யாழ்ப்பாணத்து வேலியும் தோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை ஆராய்வோர் வேலியை வெறும் எல்லைக்குறியாகக் கொள்ளுதல் பொருந்தாது. வற்றாத ஆறில்லாத இச்சுண்ணக்கல் நிலத்திலே கிணற்று நீரும் இயற்கைப் பசளையுமே தோட்டச் செய்கைக்கு நெடுங்காலம் ஆதாரமாயிருந்தன. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்கள் வரிசையாக நடப்பட்டு, பனையோலையாலோ தென்னங்கிடுகாலோ அடைக்கப்பட்டன. கோடையில் வேலி புதிதாக அடைக்கப்படுகையில், இற்ற ஓலை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்குத் தீவனமும் மண்ணுக்கு உரமும் ஆயிற்று. எனவே, வேலியடைப்பும் தோட்ட வேலையின் ஒரு கூறேயாகும்.

வேலி உரிமையின் வடிவமுமாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, அயலார் நிலத்தின்மேற் சாயும் மரத்தின் பயன் எவருக்குரியது என்பதனையும் வகுத்துரைக்கின்றது. முதுசமும் சீதனமும் தலைமுறைதோறும் வளவுகளைப் பிரிக்க, வேலிகள் பெருகின. எல்லைப் பிணக்குகளும் பெருகின. அதே வேலியில் விடப்பட்ட பொட்டு அயலவர் வந்துபோக வழியாயிற்று. எனினும், பொட்டும் படலையும் எல்லோருக்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. சாதி அங்கும் எல்லை வகுத்தது.

பின்னர் இரசாயனப் பசளையும் சீமெந்து மதிலும் பரவின. மதிலை ஆண்டுதோறும் அடைக்க வேண்டியதில்லை. ஆனால், அது மண்ணுக்குக் குழை தருவதில்லை. அயலவருக்குப் பொட்டும் விடுவதில்லை.