ஒரே மலை, மூன்று தண்ணீர்: ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் குறிப்புகள்

ராஜபாளையம்னு சொன்னா வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நாய். 2005இல் தபால்தலையிலேயே இடம் பிடித்துவிட்ட வெள்ளை நாய். ஸ்ரீவில்லிபுத்தூர்னா ஆண்டாள் கோயில் கோபுரம், அப்புறம் பால்கோவா. இரண்டு ஊருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸில் போகும்போது மேற்குப் பக்க ஜன்னலில் விடாமல் கூடவே வருகிற அந்த மலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த ஊர்களின் கதையே அந்த மலையில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த மலையில் விழும் மழை எங்கெங்கே போகிறது என்று ஒருநாள் விரலால் தடவிப் பார்த்தேன். சேத்தூரைத் தாண்டினால் வரும் சிவகிரிக்கு மேலே உள்ள மலையில் பெரியாறு பிறக்கிறது. பிறந்ததும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே, கேரளத்துக்குள் போய்விடுகிறது. அதே மலைத்தொகுதியின் வடக்குச் சரிவில், வருசநாட்டுப் பக்கம், வைகை பிறக்கிறது. கிழக்குச் சரிவில் இறங்குவதெல்லாம் சின்னச் சின்ன ஓடைகள். கண்மாய்களை நிரப்பி, மிச்சம் இருந்தால் வைப்பாற்றில் சேரும்.

வேடிக்கை என்னவென்றால், கேரளத்துக்குப் போன பெரியாற்றை 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை மறித்து, மலையைக் குடைந்து, மறுபடி தமிழ்நாட்டுக்கே திருப்பி விட்டது. ஆனால் அந்தத் தண்ணீர் தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போகிறது. ஆறு பிறக்கும் மலைக்கு நேர் கீழே இருக்கிற நம்ம ஊர்களுக்கு வருவதில்லை. வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல்லில் 'பெரியாறு அணை' என்று ஒன்று இருக்கிறது. பேர்தான் பெரியாறு. முல்லைப் பெரியாறோடு அதைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலையின் மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மி.மீ. மலையடியில் மாந்தோப்பும் தென்னையும் நெல்லும் பார்க்கலாம். கிழக்கே போகப் போகக் கரிசல். ஒரு நல்ல மழையை வாங்கி வெகுநாள் ஈரம் காக்கிற மண். அந்த மண்ணுக்கு ஏற்ற பயிர் பருத்தி.

பருத்தி இருந்த இடத்துக்கு மில் வந்தது. பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர் ராஜபாளையம். அவர்களில் ஒருவரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பக்கத்துச் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தறிச்சத்தம் கேட்கும். அங்கே நெய்வது சேலை வேட்டி இல்லை, காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொள்கிற யாருக்கும் அது எந்த ஊர்த் துணி என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விதைப் பாக்கெட்டில் 'எஸ்.வி.பி.ஆர்.' என்று போட்டிருந்தால், அது ஸ்ரீவில்லிபுத்தூரின் சுருக்கம். இன்று தமிழ்நாட்டு மில்கள் குஜராத், மகாராஷ்டிரப் பஞ்சை நம்பி ஓடுகின்றன. உள்ளூர் மண் தொடங்கி வைத்த தொழில், மண்ணை விட்டு விலகித் தனியாக நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பால்கோவா அப்படி இல்லை. பாலும் சர்க்கரையும்தான் அதில் சரக்கு, மற்றது அடுப்பும் கைப்பக்குவமும். பால் அக்கம்பக்கத்து மாடுகளிடமிருந்துதான் வரவேண்டும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது மலைக்கு வருவோம். இங்கே நரை அணில் என்று ஒரு பிராணி. மூக்கிலிருந்து வால் நுனிவரை இரண்டடிக்கு மேல் இருக்கும். உலகில் தென்னிந்தியாவின் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் போன்றவர்கள் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். 1988இல் ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டர் சரணாலயம் ஆனது.

இந்த அணில் முடிந்தவரை தரையில் இறங்காது. பக்கத்து மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடுகிற இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். ஆபத்து என்றால் அடுத்த மரத்துக்குத் தாவ வழி வேண்டுமே. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் போதும், அதன் பாதை அறுந்துவிடும். செண்பகத்தோப்புப் பக்கம் தனியார் தோப்புகளுக்கும் அது வரும். சரணாலயத்தின் எல்லைக்கோடு அதற்குத் தெரியாது.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். 1,016 சதுர கிலோமீட்டர், நாட்டின் 51ஆவது காப்பகம். வைகையின் நீர்ப்பிடிப்பும் இதற்குள் வருவதால், இது புலிக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை. ராஜபாளையம் குடிநீருக்கு நம்பும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் அய்யனார் கோயில் மலைத்தண்ணீரில்தான் நிரம்புகிறது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. 2022 மார்ச்சில் காடுகளில் மாடு மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் அளவுக்குச் சுருக்கியது. மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுருக்கத்தால் பெரிய ஆறுதல் இல்லை, அவர்கள் மேய்த்த மலையே காப்பகம் ஆகிவிட்டதே. மலைமாடு குடம் குடமாகப் பால் கறக்கிற இனம் இல்லை. அதன் வருமானம் சாணத்தில், வயலுக்குப் போகும் எருவில். கட்டிப்போட்டுத் தீவனம் வாங்கிப்போட்டு வளர்த்தால் கட்டுப்படியாகாது. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கமும் வாழும் பளியர்களுக்கோ, தேனும் கிழங்கும் அந்தக் காட்டில்தான்.

காடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மலை மொட்டையானால் முதலில் வறளுவது நம்ம கண்மாய்தான். மேய்ச்சலால் காடு கெடும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என் ஆதங்கம் வேறு. மலையைக் காப்பதன் பலன் கீழே ஊர் முழுக்கப் பரவுகிறது. குழாயைத் திறக்கிற எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. விலையை மட்டும் மலையோரத்துக் கொஞ்சப் பேர் கட்டுகிறார்கள். மாட்டை விற்றுவிட்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி, கீழே இருக்கிற நமக்கும் சேர்த்துக் கேட்கப்பட்டதுதான்.

அடுத்த முறை இந்த வழியாகப் போனால் மேற்குப் பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். பால்கோவாவை இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.