வக்கீல் கட்டிய வேஷம்

எங்கள் கிளையின் ஆண்டு விழாவில் பிரஹ்லாதன் நாடகம் போட ஒரு முறை முயன்றோம். ஹிரண்யகசிபு கிடைத்தார், பிரஹ்லாதன் கிடைத்தான், லீலாவதிதான் கிடைக்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன், "நான் கட்டறேன் மாமா" என்று தானாக முன்வந்தான். குரலும் நல்ல குரல். அவன் தகப்பனார் ஒப்பவில்லை. "நாலு பேர் சிரிப்பா. புடவை கட்டிண்டு ஆடறது நம்மாத்து வழக்கமே இல்லை" என்று சொல்லிவிட்டார். அவர் தயக்கம் புரிகிறது. ஆனால் வழக்கமில்லை என்று சொன்னாரே, அது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூர் இருக்கிறது. நாயக்க மன்னர் அச்சுதப்பர் 500-க்கும் மேற்பட்ட பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்து அங்கே குடியமர்த்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அச்சுதபுரம், உன்னதபுரி என்றெல்லாம் பெயர் பெற்ற ஊர். ஆண்டுதோறும் நரஸிம்ஹ ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கிறது. பாட்டு, ஆட்டம், வசனம் மூன்றும் கலந்த நாட்டிய நாடகம் அது. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரஹ்லாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம் முதலிய நாடகங்களே இன்றைக்கும் ஆடப்படுகின்றன. முதலில் கோணங்கி வருவான். பிறகு ஒரு சிறு பிள்ளை விநாயகர் முகமூடியுடன் வருவான். அப்புறம் இரவு முழுக்கக் கதை. நரஸிம்ஹ வேஷம் கட்டுபவர் விரதமிருப்பார். அந்த முகமூடிக்குப் பூஜை உண்டு.

நடிப்பவர்கள் யாவரும் ஆண்கள். லீலாவதியும் உஷையும் புடவை கட்டிய நம்மவர்கள்தான். வேஷங்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பாங்கிலும் ஆபீஸிலும் வேலை பார்ப்பவர்கள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து சலங்கை கட்டுகிறார்கள். சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், தேப்பெருமாநல்லூர் போன்ற ஊர்களிலும் இந்த மரபு இருந்தது. சிலவற்றில் நின்று போய்விட்டது, சாலியமங்கலத்தில் தொடர்கிறது.

மெலட்டூரில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் பெற்றவர் பாரதம் நடேசய்யர். அவரிடம் ஆட்டம் கற்க வந்தார் ஒரு வக்கீல். அவர்தான் இ. கிருஷ்ணய்யர். 1897-ல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். (கல்லிடைக்குறிச்சி என்றால் நம்மில் பலருக்கு அப்பளம்தான் நினைவுக்கு வரும். தப்பில்லை.) சட்டம் படித்து சென்னையில் தொழில் செய்தார். சங்கீதம் தெரிந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியவர். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாஸ சபையில் பெண் வேஷம் கட்டியவர்.

கிருஷ்ணய்யர் மெலட்டூரில் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1928-ல் மியூஸிக் அகாடமி உருவானபோது அதன் செயலர்களில் ஒருவரானார். சதிர் என்றாலே கௌரவமானவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது. அதைப் போக்க, தாமே பெண் வேஷம் போட்டு மேடைகளில் ஆடினார். கோர்ட்டில் கறுப்பு அங்கி, மேடையில் புடவை, சலங்கை. அன்றைக்கு எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்!

1931-ல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் பெண்கள் ராஜலக்ஷ்மி, ஜீவரத்னம் இருவரும் அகாடமி மேடையில் ஆடினார்கள். கூட்டம் குறைவு. 1933-ல் அவர்களே மறுபடி ஆடியபோது அரங்கம் நிரம்பியது. இடையில் நடந்தது 1932-ஆம் ஆண்டு இறுதியில் எழுந்த பத்திரிகைச் சர்ச்சை. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி ஒரு பக்கம். முறை போகட்டும், கலை போகக்கூடாது என்று வாதாடிய கிருஷ்ணய்யர் மறுபக்கம். கோவிலில் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்ததும் இந்தக் காலகட்டத்தில்தான். ருக்மிணி தேவி 1935-ல் அடையாறில் ஆடினார். நம் வீட்டுப் பெண்கள் நாட்டியம் கற்க வழி திறந்தது.

இந்தக் கதையை நம் சங்கக் கூட்டங்களில் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டுச் சொல்கிறோம். கிருஷ்ணய்யர் வேஷத்தைக் கலைத்துவிட்டு மறுநாள் கோர்ட்டுக்குப் போகலாம். கல்யாணியின் பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. ருக்மிணி தேவிக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையும். தலைமுறை தலைமுறையாகக் கலையைச் சுமந்த அந்தக் குலத்துப் பெண்களில் பலர் மேடையைவிட்டு ஒதுங்க, அந்த மேடையில் நாம் ஏறினோம். காப்பாற்றினோம் என்று சொல்லும்போது, யாரிடமிருந்து பெற்றோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிருஷ்ணய்யராவது அந்தப் பெண்களையே மேடைக்கு அழைத்து வந்தார்.

அவருக்கு 1966-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1968-ல் காலமானார்.

எங்கள் நாடகம் லீலாவதி இல்லாமலே நடந்தது. பிரஹ்லாதன் இரண்டு இடத்தில் "அம்மா" என்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து பதில் மட்டும் வந்தது. திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பதிலைப் பாடியவன் அதே பையன்தான். அவன் தகப்பனார் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.