வீட்டைத் தாண்டிய ரவுட்டர்

2004 டிசம்பர் 26 காலை. கடலூருக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் நல்லவாடு மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் கடல் பொங்கப்போகிறது என்று எச்சரித்தார். கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொல்ல, மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினார்கள். அந்த மையம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஏற்பாடு. புதுச்சேரி வில்லியனூரை நடுவமாக வைத்து 1998-இல் தொடங்கிய திட்டம் அது. தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத ஊர்களுக்கு விஎச்எஃப் ரேடியோ வழியே கணினித் தகவலை அனுப்பினார்கள். கிடைத்த கருவியை ஊரின் தேவைக்கு வளைக்கும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல.

ரவுட்டரை மட்டும் வெகுகாலம் அப்படி வளைக்க முடியவில்லை. அதை இயக்கும் ஃபர்ம்வேர் உற்பத்தியாளரின் பூட்டுக்குள் இருந்தது. 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தின்படி, அதைப் பொருளில் வைத்து விற்பவர் அதன் மூல நிரலையும் தந்தாக வேண்டும். கேள்விகள் வலுத்தன, அதே ஆண்டில் நிரல் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2004-இல் ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது.

ரவுட்டரின் நிரலை மாற்றி எழுதும் இந்தச் சுதந்திரம் எதற்குப் பயன்படும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், ஆண்டிபட்டி, போடி போன்ற ஊர்களின் பார்வை மையங்களுக்கு வரும் நோயாளிகளைக் காணொளியில் பார்க்க வேண்டியிருந்தது. கேபிள் இணைப்பு இல்லை, செயற்கைக்கோள் இணைப்போ செலவு அதிகம். 2005-இல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்திருந்தது. எரிக் புரூவர் தலைமையிலான கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகக் குழு, வைஃபையையே நெடுந்தூரம் அனுப்பலாம் என்று இறங்கியது. கோபுரங்கள் எழுந்தன. ஒரு ஜவுளி ஆலையின் புகைபோக்கியில்கூட ஆன்டெனா ஏறியது. நீளமான இணைப்பு சுமார் 15 கிலோமீட்டர்.

சிக்கல் மென்பொருளில் இருந்தது. வைஃபை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு கிலோமீட்டர் கடக்க ரேடியோ அலைக்கு 3.3 மைக்ரோ நொடி ஆகிறது. 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 100. தூரம் கூடக்கூட இந்தக் காத்திருப்பே நேரத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, மறுமுனை பேசத் தொடங்கிவிட்டது என்பது இங்கே உடனே கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள்.

லினக்ஸ் ஓடும் சிறிய பலகைக் கணினிகளை ரவுட்டர்களாக்கி, வைஃபை டிரைவரின் நிரலைக் குழுவினர் மாற்றி எழுதினார்கள். இரு முனைகளும் முறைவைத்துப் பேசின. பதில்கள் தனித்தனியாக வராமல் மொத்தமாக வந்தன. இழப்பைத் தாங்கக் கூடுதல் பொட்டலங்களும் சேர்ந்து போயின. இதையெல்லாம் நேரே கோபுரத்தில் ஏற்றிவிடவில்லை. ரேடியோ அலையைக் கம்பிக்குள் செலுத்தி, நெடுந்தூரத்தின் தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கும் எமுலேட்டரில் ஆய்வகத்திலேயே சோதித்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி வேகம் 2 முதல் 5 மடங்கு வரை உயர்ந்தது.

அதைவிட மதிப்புள்ள பாடம் 2008-இல் அவர்கள் எழுதிய அடுத்த கட்டுரையில் இருக்கிறது. பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரமே காரணமாயிருந்தது. வோல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டர்கள் எரிந்தன, பேட்டரி வடிந்து பலகைகள் உறைந்து நின்றன, ஃபிளாஷ் கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்க் கோப்புகள் சிதைந்தன. இயங்குதளம் இருக்கும் பகுதியை எழுதவே முடியாதபடி பூட்டினார்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தன் நிலையைத் தானாகவே தெரிவிக்கும்படியும் செய்தார்கள். உறைந்த பலகையைத் தட்டி எழுப்ப 40 மீட்டர் கோபுரத்தில் ஆள் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தூரத்தின் எல்லை இன்னும் விரிந்தது. 2006-இல் வெனிசுலாவில் எர்மன்னோ பியேத்ரோசெமோலி என்ற ஆய்வாளர், அதே டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றி, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, 279 கிலோமீட்டர் இணைப்பை நிறுவினார். மறு ஆண்டில் அது 382 ஆனது.

இன்று ரவுட்டரை வளைக்கும் இந்தக் கலையில் கால் வைக்க ரவுட்டர்கூடத் தேவையில்லை. கடலூர்ப் பக்கம் செம்மங்குப்பத்தில் மடிக்கணினி மட்டும் வைத்திருக்கும் ஒரு மாணவர் ஓப்பன்டபிள்யூஆர்டியின் மூல நிரலை இறக்கி, கருவிப் பட்டியலில் 'மால்ட்டா' என்ற மிப்ஸ் பலகையை இலக்காகத் தேர்ந்து, கட்டுமானத்தைத் தொடங்கிவிடலாம். மிப்ஸ் செயலிக்கான கம்பைலரையே முதலில் உருவாக்க வேண்டியிருப்பதால் முதல் முறை சில மணி நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கிடைக்கும் கோப்பை, ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட கியூஎமு எமுலேட்டரில் ஓட்டினால், மிப்ஸ் பலகை ஒன்று திரைக்குள் உயிர்பெறும். ஃபயர்வால் விதிகள், முகவரி வழங்கும் சேவை, சொந்தமாக எழுதிய மென்பொருள் பொதி என எதையும் அங்கே உடைத்துப் பார்க்கலாம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருவதால், துணைக்கும் ஆள் அருகிலேயே உண்டு.

கியூஎமுவுக்கு வைஃபை சிப்பைப் போலச் செய்யத் தெரியாது. லினக்ஸின் ஹெச்டபிள்யூசிம் என்ற மாட்யூல் பொய் ரேடியோக்களை உண்டாக்கித் தந்து ஓரளவு கைகொடுக்கும். ஒவ்வொரு ரவுட்டரின் ஃபிளாஷிலும் தொழிற்சாலை எழுதிவைக்கும் ரேடியோ அளவீட்டுத் தரவு அதிலும் வராது. நிஜக் கருவியைக் கையில் எடுப்பவர், எதையும் ஏற்றுவதற்கு முன் அந்தப் பகுதியை நகலெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அது அழிந்தால் வேறொரு ரவுட்டரிலிருந்து ஈடு செய்ய முடியாது.